அலுவலக நெட்வொர்க்கில் முகவரி தீர்ந்துபோனால்: சப்நெட்டும் டிஹெச்சிபியும்

ஒன்பது மணிக்கு வந்தவர்களுக்கு இணையம் ஓடுகிறது. பத்தரைக்கு வந்தவர்களுக்கு ஓடவில்லை. வைஃபை சிக்னல் முழுசாக இருக்கிறது, பாஸ்வேர்டும் சரிதான், ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. நான்கு பேர் வேலை முடிந்து கிளம்பிய பிறகும் நிலைமை மாறுவதில்லை. ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது, அப்புறம் பழையபடி.

இணைப்பு கிடைக்காத லேப்டாப்பில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண்ணை, பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் விண்டோ திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்தால் போதும். முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினி முகவரி கேட்டு யாரும் தரவில்லை, தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். கேபிள் பிரச்சினையாலும், கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் (சிறிய அலுவலகத்தில் பெரும்பாலும் ரூட்டரே) நின்றுபோனாலும் இதே எண்தான் வரும். ஆனால் ஏற்கெனவே இணைந்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாமல், புதிதாக வருபவர்களுக்கு மட்டும் இப்படி நேர்ந்தால், கொடுப்பதற்கு முகவரி தீர்ந்துவிட்டது என்றே முதலில் சந்தேகப்படலாம்.

ரூட்டரை அணைத்துப் போடும் வைத்தியம் ஏன் பலிக்கிறது? சிறிய ரூட்டர்கள் பலவும் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலை மின்சாரம் போனால் மறந்துவிடும். மறந்ததால்தான் மறுபடி கொடுக்கிறது. அதே காரணத்தால் ஒரே முகவரியை இருவருக்குக் கொடுத்து இன்னொரு வம்பையும் கிளப்பும். இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

நெட்வொர்க்கைப் பெரிதாக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: பூல் எவ்வளவு, லீஸ் எவ்வளவு நேரம்.

பூல் என்பது டிஹெச்சிபி சர்வர் கொடுப்பதற்காக ஒதுக்கிவைத்திருக்கும் முகவரிகள். 192.168.1.0/24 (/24-இன் பொருள் பின்னால் வரும்) என்ற சாதாரண நெட்வொர்க்கில் சாதனங்களுக்குப் போடத்தக்க முகவரிகள் 254. ஆனால் ரூட்டரில் பூல் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று வைத்திருந்தால், கொடுக்க முடிவது வெறும் 100. மீதி 154 சும்மா கிடக்கிறது. இங்கே சப்நெட்டை, அதாவது நெட்வொர்க்கின் முகவரி எல்லையை, தொடவே தேவையில்லை. பூலை 30 முதல் 254 வரை என்று மாற்றினால் 225 முகவரிகள் ஆயிற்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த இடைவெளிக்குள் யாராவது கையால் முகவரி போட்ட பிரின்டரோ கேமராவோ இருந்தால், அதே எண்ணை டிஹெச்சிபி வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும்.

லீஸ் என்பது முகவரியை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் காலம். ஒருவர் அலுவலகத்தை விட்டுப் போய்விட்டார் என்பது சர்வருக்குத் தெரியாது. பெரும்பாலான போன்கள் முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதும் இல்லை. லீஸ் முடியும் வரை அந்த எண் அவர் பெயரிலேயே இருக்கும். விண்டோஸ் சர்வரில் நாம் எதையும் மாற்றாவிட்டால் இந்தக் காலம் 8 நாள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊழியர்கள் 60 பேர், ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு போன்: 120 முகவரிகள். தினமும் வந்துபோகும் வெளியாட்கள் 40 பேர். லீஸ் 8 நாள் என்றால் அதற்குள் 6 வேலை நாள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 240 பேரின் போன்கள் முகவரியைப் பிடித்துவைத்திருக்கும். மொத்தம் 360. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 160 சாதனங்களுக்கு மேல் இல்லை, ஆனாலும் 254 போதவில்லை. லீஸை 4 மணி நேரமாகக் குறைத்தால் அந்த 160-உடன் விஷயம் முடிந்துவிடும்.

இதில் போன்களால் வரும் தொல்லை ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (கருவியில் பதித்திருக்கும் எண்; சர்வர் கருவியை அடையாளம் காண்பது இதைக் கொண்டுதான்) காட்டாமல், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறொரு மேக் முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. ஒரே ஆள் நெட்வொர்க்கை மறக்கச் செய்து மறுபடி சேர்ந்தாலும், அமைப்பைப் பொறுத்து, புது ஆளாகவே சர்வருக்குத் தெரியக்கூடும். நீண்ட லீஸுடன் இது சேர்ந்தால் பூல் சீக்கிரம் வறண்டுவிடும்.

லீஸை மிகவும் குறைக்கவும் கூடாது. டிஹெச்சிபி சர்வர் ஒரு மணி நேரம் படுத்தால், அரை மணி லீஸ் வைத்த அலுவலகம் முழுக்கச் சேர்ந்து படுக்கும். ஊழியர் கணினிகளுக்கு ஒரு நாள் அல்லது அதற்கு மேல், வெளியாட்களுக்கு 2 முதல் 4 மணி நேரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால்தான் சப்நெட் பக்கம் வர வேண்டும்.

மாஸ்க் என்ன செய்கிறது

சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் 255.255.255.0 என்று எல்லோரும் டைப் செய்கிறோம். அது என்ன செய்கிறது என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். மாஸ்க் நெட்வொர்க்கைச் சுற்றிக் கட்டிய சுவர் அல்ல. ஒவ்வொரு கணினியும் தனக்குள் தனியாகப் போட்டுக்கொள்ளும் ஒரு கணக்கு அது. கேள்வி ஒன்றுதான்: நான் பேச வேண்டியவர் என் பக்கத்தில் இருப்பவரா, வெளியே இருப்பவரா?

உங்கள் கணினி 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0. நீங்கள் 192.168.1.20-க்கு ஏதோ அனுப்புகிறீர்கள். முதல் மூன்று எண்களும் ஒத்துப்போகின்றன, ஆகவே பக்கத்து ஆள். கணினி அந்தக் கேபிளிலேயே "192.168.1.20 யாரப்பா?" என்று சத்தம் போட்டுக் கேட்கும், இதற்கு ஏஆர்பி என்று பெயர். உரியவர் தன் மேக் முகவரியைச் சொல்வார், நேரடியாகப் பேச்சு நடக்கும். அனுப்ப வேண்டியது 192.168.2.20 என்றால் மூன்றாம் எண் மாறுகிறது. வெளியாள். கணினி யாரையும் கேட்காது, பாக்கெட்டை (அனுப்பும் தரவுத் துண்டை) கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரூட்டர், கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

/24 என்பது இதையே சுருக்கி எழுதுவது. ஐபி முகவரிக்கு மொத்தம் 32 பிட். அதில் முதல் 24 பிட் ஒத்திருந்தால் பக்கத்து ஆள். மீதி 8 பிட்டில் 256 எண்கள் வரும். முதல் எண் நெட்வொர்க்கின் பெயராகவும் கடைசி எண் எல்லோரையும் ஒருசேரக் கூப்பிடும் பிராட்காஸ்ட் முகவரியாகவும் போய்விடுவதால் 254 மிஞ்சும். மாஸ்க்கில் ஒரு பிட்டைக் குறைத்தால் இடம் இரட்டிப்பாகும்: /23, அதாவது 255.255.254.0, 510 முகவரிகள். இன்னொன்றைக் குறைத்தால் /22, 255.255.252.0, 1022.

மாஸ்க் ஒவ்வொரு கணினியின் சொந்தக் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு கருவிகளின் கணக்கு வேறுபட்டால் என்ன ஆகும் என்பதுதான் விரிவாக்கத்தில் வரும் பாதிக்கும் மேற்பட்ட தொல்லைகளின் வேர்.

வழி ஒன்று: இருப்பதையே நீட்டுவது

192.168.1.0/24 போதவில்லை, /23 ஆக்கிவிடலாம். சுலபமாகத்தான் தெரிகிறது. அடுத்த 256 எண்கள் 192.168.2.0-இலிருந்து கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்காது.

/23 எப்போதும் மூன்றாம் எண் இரட்டைப்படையாக இருக்கும் இடத்தில்தான் தொடங்கும். 0-உம் 1-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. 192.168.1.x இருக்கும் ஜோடி 192.168.0.0 முதல் 192.168.1.255 வரை. புதிதாகக் கிடைப்பது 0.x பகுதி, 2.x அல்ல. பூலை 192.168.1.30 முதல் 192.168.2.254 வரை என்று எழுதப் பார்த்தால் நல்ல சர்வர் ஏற்காமல் திட்டும். கண்டுகொள்ளாத சர்வர் ஏற்றுக்கொண்டு, 2.x வாங்கியவர்களை கேட்வே எட்டாத இடத்தில் நிறுத்திவிடும். 2.x-உம் வேண்டும் என்றால் /22-க்குப் போக வேண்டும்; அது 4-இன் மடங்கில் தொடங்கும், அதாவது 0 முதல் 3 வரை.

மாற்றும் வரிசை முக்கியம்: முதலில் கேட்வே, பிறகு கையால் முகவரி போட்ட கருவிகள், கடைசியில் டிஹெச்சிபி. கேட்வே /24-ஆகவே இருக்கும்போது 192.168.0.77 என்று ஒரு லேப்டாப் வந்தால், அதற்கு வரும் பதிலை ரூட்டர் "இது என் உள்ளூர் ஆள் இல்லையே" என்று இணையப் பக்கம் தள்ளிவிடும், அங்கே அது தொலையும். மாறாக கேட்வே மட்டும் /23, மற்றவர்கள் /24 என்றால் 1.x-இல் இருக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கேட்வே முகவரி 192.168.1.1 அப்படியே இருக்கலாம்.

ஃபயர்வாலையும் அதே கையோடு பாருங்கள். உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றி இணையத்துக்கு அனுப்பும் நாட் விதி, கிளை அலுவலகத்துக்கான விபிஎன் டனல் (இணையம் வழியே போகும் தனிப்பாதை), இவற்றில் "192.168.1.0/24" என்று எழுதிவைத்திருப்பார்கள். மாற்ற மறந்தால் புது ஆட்களுக்கு முகவரி கிடைக்கும், பிரின்டர் கிடைக்கும், இணையம் மட்டும் கிடைக்காது.

இனி, மாஸ்க் மாற்ற மறந்துபோன பிரின்டரை எடுத்துக்கொள்வோம். முகவரி 192.168.1.20, மாஸ்க் பழைய 255.255.255.0. புது லேப்டாப் 192.168.0.77, மாஸ்க் 255.255.254.0.

லேப்டாப்பின் கணக்குப்படி பிரின்டர் பக்கத்து ஆள். சத்தம் போட்டுக் கேட்கிறது, பிரின்டர் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். லேப்டாப் இணைப்பு கோரி முதல் பாக்கெட்டை நேரடியாக அனுப்புகிறது. பிரின்டர் பதில் எழுதும்போது தன் கணக்கைப் போடுகிறது: 192.168.0.77, மூன்றாம் எண் வேறு, வெளியாள். பதிலைக் கொண்டுபோய் கேட்வேயிடம் கொடுக்கிறது. கேட்வே சாதாரண ரூட்டர் என்றால் வந்த வழியே திருப்பி லேப்டாப்பிடம் சேர்த்துவிடும். சுற்றிப் போனாலும் பிரின்ட் வந்துவிடும், யாருக்கும் தெரியாது. கேட்வே ஒரு ஃபயர்வால் என்றால், கேள்வியைப் பார்க்காமல் பதிலை மட்டும் பார்க்கிறது. தொடங்காத உரையாடலுக்குப் பதில் எப்படி வரும் என்று தூக்கிப் போட்டுவிடும். பிரின்டரில் கேட்வேயே நிரப்பவில்லை என்றால் பதில் கிளம்பவே கிளம்பாது.

அலுவலகத்தில் பாதிப் பேருக்கு பிரின்ட் வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை. டிரைவரை நீக்கி நீக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வராதவர்களின் முகவரி எல்லாம் 0.x-ஆ என்று பாருங்கள். ஆம் என்றால் பிரின்டரின் மாஸ்க்தான். விரல் ரேகை வருகைக் கருவி, கேமரா ரெக்கார்டர், பழைய கணக்கு சர்வர் எல்லாவற்றிலும் இதுவே நடக்கும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் கையால் முகவரி போட்ட கருவிகளின் பட்டியல் வேண்டும். வாய்ப்பிருந்தால் அவற்றை டிஹெச்சிபிக்கு மாற்றி, மேக் முகவரியைக் கொண்டு ரிசர்வேஷன் (எப்போதும் அதே முகவரி கிடைக்கும் ஏற்பாடு) செய்துவிடுங்கள். அடுத்த முறை மாஸ்க் மாற்றம் சர்வரில் ஒரே இடத்தில் முடியும்.

விண்டோஸ் டிஹெச்சிபி பயன்படுத்துவோருக்கு: உருவாக்கிய ஸ்கோப்பின் (ஒரு சப்நெட்டுக்கான பூலும் அதன் அமைப்புகளும்) மாஸ்க்கை மாற்ற முடியாது, அந்தப் பெட்டி திறக்காது. ஸ்கோப்பை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். நீக்கினால் ரிசர்வேஷன்களும் லீஸ் பட்டியலும் கூடவே போகும், முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். புது ஸ்கோப்புக்குப் பழைய லீஸ்கள் எதுவும் தெரியாது என்பதால், சர்வர் பண்புகளில் கான்ஃப்ளிக்ட் டிடெக்‌ஷன் எண்ணை 1 அல்லது 2 ஆக வையுங்கள். முகவரியைக் கொடுக்குமுன் அது உபயோகத்தில் இருக்கிறதா என்று சர்வர் பிங் செய்து (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று) பார்க்கும்.

வழி இரண்டு: பிரித்துப் போடுவது

நீட்டுவது சுலபம், ஆனால் அதற்கு வரம்பு உண்டு. ஏஆர்பி கூச்சல், பிரின்டர் தேடும் கூச்சல், எல்லாம் ஒவ்வொரு கருவி காதிலும் விழும். வைஃபையில் இந்தப் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் குறைந்த வேகத்தில் அனுப்பப்படுவதால் காற்றில் அதிக நேரத்தைத் தின்னும். /23 வரை பெரிதாகத் தெரியாது. /22-க்குப் போக வேண்டும் என்று தோன்றும்போது, நீட்டுவதை நிறுத்திப் பிரிப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. வெளியாள் போனும் கணக்கு சர்வரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படியும் சரியில்லை.

உள் நெட்வொர்க்குக்கு என்று 1996-இல் வரையறுத்த மூன்று பகுதிகள்தான் இன்றும் உள்ளன: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் உள்ளது 172.31.255.255-உடன் முடிகிறது, 172.32 பொது இணையத்துக்குச் சொந்தம், அதைத் தவறிப் போட்டுவிடுவோர் உண்டு. 192.168.0.x, 192.168.1.x இரண்டும் வீட்டு ரூட்டர்களில் அதிகம் இருப்பவை. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வரும் ஊழியரின் கணினி, அலுவலக பிரின்டர் 192.168.1.20-ஐத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். பிரிக்கத் துணிந்த பிறகு 10-க்குள் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு (விலான் என்பது ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க், விளக்கம் கீழே):

விலான் 10, ஊழியர் கணினிகள்: 10.20.10.0/24
விலான் 20, ஐபி போன்கள்: 10.20.20.0/24
விலான் 30, பிரின்டர், கேமரா, வருகைக் கருவி: 10.20.30.0/24
விலான் 40, வெளியாட்கள் வைஃபை: 10.20.40.0/23

மூன்றாம் எண்ணும் விலான் எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. நள்ளிரவில் ஒரு முகவரியைப் பார்த்ததும் எந்த விலான் என்று தெரிய வேண்டும். பத்துப் பத்தாகத் தள்ளிப் போட்டதற்கும் காரணம் இருக்கிறது: எல்லாம் இரட்டைப்படை, ஆகவே எதுவும் பின்னால் மேல்நோக்கி /23 ஆக நீளும். வெளியாட்களுக்கு 40 கொடுத்தது அது 4-இன் மடங்கு என்பதால். தேவைப்பட்டால் 40 முதல் 43 வரை /22 ஆகும்.

விலான் என்பது ஒரே ஸ்விட்ச்சை (கருவிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) பல தனித்தனி ஸ்விட்ச்சுகள் போல நடக்கவைப்பது. 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். கணினி செருகும் போர்ட் ஒரே விலானில் இருக்கும். அது அக்சஸ் போர்ட். ஸ்விட்ச்சிலிருந்து ஸ்விட்ச்சுக்கு, ஃபயர்வாலுக்கு, அக்சஸ் பாயிண்டுக்கு (வைஃபை தரும் பெட்டி) போகும் கேபிளில் எல்லா விலானும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் எண் ஒட்டிக்கொண்டு போகும், அது டிரங்க். அமைப்புகளை மாற்றத்தக்க மேனேஜ்டு ஸ்விட்ச் இல்லாமல் இது ஆகாது. விலான் இல்லாமலே ரூட்டரில் இரண்டாவது முகவரி போட்டு ஒரே கேபிளில் இரண்டு சப்நெட் ஓட்டவும் முடியும். விண்டோஸில் சூப்பர்ஸ்கோப் என்பது அதற்குத்தான். ஆனால் அது அவசரத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. யார் எந்த சப்நெட்டில் விழுவார் என்பது நம் கையில் இருக்காது, பாதுகாப்பும் கிடையாது.

ஒரு டிஹெச்சிபி, நான்கு சப்நெட்

முகவரி வாங்குவது நான்கு வரி உரையாடல். கணினி "யாராவது முகவரி தருவீர்களா?" என்று கேட்கும். சர்வர் "இதோ ஒன்று" என்று நீட்டும். கணினி "இதையே எடுத்துக்கொள்கிறேன்" என்னும். சர்வர் "உனக்கே" என்று உறுதி செய்யும். கணினியிடம் அப்போது முகவரி இல்லாததால் முதல் கேள்வி 0.0.0.0-இலிருந்து 255.255.255.255-க்குப் போகும், யுடிபி 67-ஆம் போர்ட்டுக்கு. பிராட்காஸ்ட் என்பதால் விலானைத் தாண்டாது. சர்வர் விலான் 10-இல் இருந்தால் விலான் 40-இல் எழும் கேள்வி அதன் காதில் விழவே விழாது.

இதற்காக ஒவ்வொரு விலானுக்கும் ஒரு சர்வர் வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு விலானின் கேட்வேயிலும் டிஹெச்சிபி ரிலே போட்டால் போதும். சிஸ்கோவில் ஹெல்ப்பர் அட்ரஸ் என்பார்கள். கேட்வே அந்தக் கேள்வியைக் கேட்டு, அதில் தன் முகவரியை, உதாரணமாக 10.20.40.1 என்று குறித்து, சர்வருக்கு நேரடியாக அனுப்பும். சர்வர் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. ஆகவே பதில் 10.20.40.1-க்குத் திரும்பிப் போகும் பாதை சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்வரின் கேட்வே தவறாக இருந்தால் சர்வர் பதிவில் "கொடுத்தேன், கொடுத்தேன்" என்று வரிசையாக இருக்கும், கணினிக்கு ஒன்றும் வந்திருக்காது.

ஸ்கோப்புக்கு ஸ்கோப் கேட்வே வேறு. முகவரியோடு சர்வர் அனுப்பும் விவரங்களில் அது ஆப்ஷன் 3. தளத்தின் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் ஆப்ஷன் 6. பழைய ஸ்கோப்பைப் பார்த்துப் புதியதை நிரப்பும்போது 10.20.10.1 அப்படியே ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

மாற்றும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே பழைய ஸ்கோப்பின் லீஸை ஒரு மணி நேரமாக்குங்கள். கணினிகள் லீஸில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும். 8 நாள் லீஸ் என்றால் நான்காம் நாள். அதற்குள் எல்லாரிடமும் குறுகிய லீஸ் சேர்ந்துவிடும், மாற்றும் அன்று யாரும் பழைய முகவரியைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள். போர்ட்டின் விலானை மாற்றிய பிறகு அந்த போர்ட்டை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். ஐபி போனுக்குப் பின்னால் செருகிய கணினிக்கு அதுவும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அதன் கேபிள் போனோடு முடிகிறது. அதைத் தனியாகக் கழற்றிச் செருக வேண்டும்.

எல்லாம் முடிந்து யாரோ ஒருவருக்கு நீங்கள் எங்குமே வைக்காத 192.168.0.x முகவரி வந்தால் குழம்ப வேண்டாம். யாரோ மேஜைக்கடியில் ஒரு வீட்டு ரூட்டரைச் செருகியிருக்கிறார்கள், அது உங்கள் சர்வரை முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) அடித்தால் டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் அதன் முகவரி இருக்கும். ஸ்விட்ச்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (வேறு சர்வரின் பதிலைத் தடுக்கும் வசதி) இயக்கி, உண்மையான சர்வர் பக்கத்து போர்ட்டை மட்டும் நம்பத்தக்கது என்று குறித்தால் இது மறுபடி நடக்காது. ஸ்விட்ச்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் அப்லிங்க் போர்ட்களைக் குறிக்க மறந்தால் உங்கள் சர்வரின் பதிலையே ஸ்விட்ச் தடுத்துவிடும், கவனம்.

ஒவ்வொரு விலானிலும் ஒரு லேப்டாப்பை வைத்து வரிசையாகச் சோதியுங்கள். சரியான எண்ணில் முகவரி வருகிறதா, கேட்வே பிங் ஆகிறதா, இணையத்தில் உள்ள 8.8.8.8 பிங் ஆகிறதா, ஒரு தளம் பெயரால் திறக்கிறதா. மூன்றாவது வரை சரி, நான்காவது இல்லை என்றால் ஆப்ஷன் 6. இரண்டாவது சரி, மூன்றாவது இல்லை என்றால் நாட் விதி. கடைசியாக வெளியாட்கள் வைஃபையில் இருந்தபடி 10.20.30.20 என்ற பிரின்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். லேயர் 3 ஸ்விட்ச் (ரூட்டர் வேலையும் செய்யும் ஸ்விட்ச்) கேட்வேயாக இருந்தால் அது எல்லா விலானுக்கும் இடையே தாராளமாக வழிவிடும். தடுக்கும் விதியை நீங்கள் எழுதாவிட்டால் அந்தப் பக்கம் திறந்துகொள்ளும்.